சுருக்குப் பை

கண்ணுக்குப் பாட்டு இருக்கிறது. இதழுக்கு, இடைக்கு, கூந்தலுக்கு இருக்கிறது. கால் கொலுசுக்குக்கூட நிறைய இருக்கிறது (செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைக்காரர்கள் சார்பில் கவிஞர்களுக்கு நன்றி). இதயத்துக்கு எழுதிய பாட்டுகளை எண்ணி மாளாது. ஆனால், நாலு பேர் நடுவில் நாம் மானத்தோடு உட்கார்ந்திருக்கக் காரணமான ஓர் உறுப்பைப் பற்றி யாரும் மூச்சு விடுவதில்லை. ஆசனவாய். பேரைச் சொல்வதற்குள்ளேயே கொஞ்சம் கூசுகிறது பாருங்கள்.

பாட்டிகள் இடுப்பில் செருகியிருப்பார்களே, சுருக்குப் பை, அதை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கு இரண்டு கயிறு. உள்கயிறு நாம் தூங்கும்போதும் தானாக இறுகியிருக்கும். நம் பேச்சைக் கேட்காது. வெளிக்கயிறு நம் வசம். கல்யாணப் பந்தியில் ரசம் விடும் நேரத்தில் வயிறு கடமுடா என்றால், அதைத்தான் இழுத்துப் பிடித்துக்கொண்டு மோர் வரைக்கும் தாக்குப்பிடிக்கிறோம். இதோடு இன்னொரு அதிசயம். வாசலில் வந்து நிற்பது காற்றா, தண்ணியா, கெட்டியா என்று அந்த இடத்துத் தோல் இருட்டிலேயே தடவிப் பார்த்துத் தரம் பிரித்துவிடும். காற்றை மட்டும் விட்டு மற்றதை நிறுத்தும். மொத்தம் 4 சென்டிமீட்டர் நீளம்தான் இந்த ஏற்பாடு. இதற்கு இணையாக இன்னொன்றைச் செய்து பொருத்த இன்றுவரை யாராலும் முடியவில்லை.

இந்தச் சுருக்குப் பைக்கு ஒட்டினாற்போல ஒரு கட்டி வந்தால் என்ன செய்வது? கட்டியோடு பையையும் சேர்த்து எடுத்துவிடலாம், உயிர் பிழைக்கும். பையை விட்டுவிட்டுக் கட்டியை மட்டும் எடுக்கலாம். கட்டி திரும்ப வந்தாலும் வரும். உயிரா, மானமா? பட்டிமன்றத்தில் வைத்தால் மானம்தான் ஜெயிக்கும், கைதட்டலோடு. ஆஸ்பத்திரியில் வைத்தால் அநேகமாக உயிர் ஜெயிக்கும், பேச்சில்லாமல். ரெண்டு இடத்திலுமே சம்பந்தப்பட்டவரை யாரும் கேட்பதில்லை என்பதுதான் என் வருத்தம்.

1908-ல் லண்டன் சர்ஜன் எர்னஸ்ட் மைல்ஸ் இந்தக் கேள்விக்கு ஒரு கறாரான பதில் சொன்னார். அதற்கு முன் அவர் கீழ் வழியாக மட்டும் மலக்குடலை அறுத்து எடுத்த 57 பேரில் 54 பேருக்கு நோய் திரும்பிவிட்டது. இந்தக் கணக்கை அவரே வெளியிட்டார். பிறகு, வயிற்றையும் திறந்து, மலக்குடல், ஆசனவாய், சுற்றியுள்ள நெறிக்கட்டிகள் எல்லாவற்றையும் வழித்தெடுத்து, பெருங்குடலின் முனையை இடது பக்க வயிற்றில் கொண்டுவந்து நிரந்தரமாகத் தைத்தார். மலம் இனி அந்த வழியாக. உயிர்கள் பிழைத்தன. அதை யாரும் குறைத்துப் பேச முடியாது.

ஆனால் பிழைத்தவர்கள் அதற்குப் பின் எப்படி வாழ்ந்தார்கள்? துணியைச் சுற்றிக்கொண்டு, வாடைக்குப் பயந்து வீட்டுக்குள். 1954-ல் டென்மார்க்கில் எலிஸே சோரன்சன் என்ற நர்ஸ், தன் சகோதரி தோரா இப்படி வயிற்றில் வழி வைத்த பிறகு வெளியே போகவே பயப்படுவதைப் பார்த்துத்தான், தோலில் ஒட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் பையை யோசித்தார். மைல்ஸின் ஆபரேஷனுக்கும் இந்தப் பைக்கும் நடுவில் 46 வருஷம்! அத்தனை வருஷமும் சர்ஜன்கள் மேசையில் மனிதர்களைக் காப்பாற்றினார்கள். வீட்டுக்குப் போய் அவர்கள் என்ன ஆனார்கள் என்று பார்த்தது கூடப் பிறந்தவள்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம்.

சேலத்திலிருந்து நாமக்கல் வரை பஸ்ஸில் போனால் ஒரே சுவர் விளம்பரம் விடாமல் கூடவே வரும். மூலம், பௌத்திரம், ஆபரேஷன் இல்லாமல், ஒரே நாளில். இந்தப் பக்கம் மலத்தில் ரத்தம் பார்த்த யாரும் முதலில் சொல்வது, ‘சூடுங்க.’ லாரி டிரைவர் என்றால் எஞ்சின் சூடு. கிணறு வெட்டும், போர் போடும் ஆள் என்றால் வெயில் சூடு. உட்கார்ந்து வேலை செய்கிற தறிக்காரர் என்றால் உட்கார்ந்த சூடு. வெந்தயம், இளநீர், களிம்பு என்று மாதங்கள் போகும். பல சமயம் அது மூலமாகவேதான் இருக்கும், அதனால்தான் இந்த நம்பிக்கை சாகாமல் இருக்கிறது. மூலமாக இல்லாதபோதுதான் வினை. டாக்டர் கையுறை போட்டு ஒரு விரலை விட்டுப் பார்த்தால், ஒரு நிமிஷத்தில் கைக்கு எட்டுகிற கட்டி தட்டுப்படும். அந்த ஒரு நிமிஷ வெட்கத்துக்காக வருஷக்கணக்கில் களிம்பு தடவுகிறோம். கட்டி கீழே இறங்கி அந்த 4 சென்டிமீட்டரைத் தொட்டுவிட்டால், பிறகு பேரம் பேச இடமில்லை.

மலக்குடலில் வருவதில் பெரும்பாலானவை ஒரே ரகம், அடினோகார்சினோமா. ஆனால் அபூர்வமாக வேறு சில வரும். கார்சினாய்டு, மெலனோமா, ஜிஸ்ட். பேர்கள் முக்கியமில்லை, அவற்றின் குணம் வேறு என்பதுதான் முக்கியம். ஒரு சென்டிமீட்டருக்குக் குறைவான கார்சினாய்டைப் பெரும்பாலும் குழாய் விட்டே எடுத்துவிடலாம், கத்தியே வேண்டாம். மெலனோமா ரொம்பப் பொல்லாதது. அதற்கு மைல்ஸ் மாதிரி மொத்தத்தையும் வழித்தெடுத்தார்கள் பல வருஷம். பிறகு கணக்குப் பார்த்தால், கட்டியை மட்டும் சுத்தமான ஓரத்தோடு எடுத்தவர்களும் ஏறக்குறைய அதே காலம்தான் வாழ்ந்திருக்கிறார்கள். அதாவது, அந்த மனிதர்களிடமிருந்து சுருக்குப் பையை வாங்கிக்கொண்டு பதிலுக்கு ஒரு நாளும் கொடுக்கவில்லை. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்ததில்லை. பெரிய நோய்க்குப் பெரிய வெட்டு என்று கை பழகிவிட்டது.

ஜிஸ்ட் கதை இதைவிட சுவாரஸ்யம். அது குடல் சுவரின் தசைப் பகுதியில் முளைப்பது. அதிகமும் இரைப்பையில், சிறுகுடலில் வரும். மலக்குடலில் வருவது நூற்றுக்கு ஐந்து என்ற அளவில்தான். பொதுவாக நெறிக்கட்டிகளுக்குப் பரவாது. ஆகவே சுற்றுவட்டாரத்தை எல்லாம் வழித்தெடுக்க வேண்டிய அவசியமில்லை. ஆனால் கண்டுபிடிக்கும்போது சில சமயம் எலுமிச்சை, ஆரஞ்சு சைஸில் சுருக்குப் பையை நெருக்கிக்கொண்டு நிற்கும். அப்படியே வெட்டினால் பையும் போகும்.

இமாட்டினிப் என்று ஒரு மாத்திரை. முதலில் ஒரு வகை ரத்தப் புற்றுநோய்க்காக வந்தது. 2000-ல் பின்லாந்தில், வேறு வழியில்லாத ஒரு ஜிஸ்ட் நோயாளிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஈரலில் பரவியிருந்த கட்டிகள் சுருங்கின. இன்று மலக்குடல் ஜிஸ்ட் பெரிதாக இருந்தால், நாளுக்கு 400 மில்லிகிராம், ஆறு மாதமோ இன்னும் அதிகமோ கொடுத்து, ஆரஞ்சு நெல்லிக்காயை நோக்கிச் சுருங்கிய பிறகு எடுக்கிறார்கள். சுருக்குப் பை பல பேருக்குத் தப்பிக்கிறது. எல்லோருக்கும் கேட்காது. கட்டியின் மரபணுக் கோளாறு எது என்பதைப் பொறுத்தது. அதனால்தான் கத்தி எடுக்கும் முன் சதையை எடுத்துப் பரிசோதித்துப் பேர் தெரிந்துகொள்வது இத்தனை அவசியம். ‘எப்படியும் எடுக்கத்தானே போறோம், எதுக்கு டெஸ்ட்டு?’ என்பது நம் பக்கத்தில் அடிக்கடி காதில் விழும் வசனம். அபூர்வக் கட்டிக்காரர்களுக்கு இந்த வசனத்தைப் போல ஆபத்து வேறில்லை.

இந்த மாத்திரையின் இன்னொரு கதை சென்னையில் நடந்தது. நோவார்ட்டிஸ் கம்பெனி க்ளிவெக் என்ற பேரில் விற்றபோது ஒரு மாதத்துக்கு ஏறக்குறைய 1,20,000 ரூபாய். இந்தியக் கம்பெனிகள் அதே மருந்தை 8,000, 10,000 ரூபாய்க்குக் கொடுத்தன. காப்புரிமை கேட்டு நோவார்ட்டிஸ் சென்னை காப்புரிமை அலுவலகத்தில் போட்ட மனு 2006 ஜனவரியில் தள்ளுபடி ஆனது. பழைய மருந்தின் புது வடிவத்துக்கு, குணமளிக்கும் திறன் கூடினால் ஒழிய, காப்புரிமை இல்லை என்கிற சட்டப் பிரிவையே எதிர்த்து மெட்ராஸ் ஹைகோர்ட் போனார்கள். 2007 ஆகஸ்டில் அங்கேயும் இல்லை என்றாகிவிட்டது. கடைசியில் சுப்ரீம் கோர்ட், 2013 ஏப்ரல் 1. அன்று வந்த தீர்ப்பு முட்டாள்கள் தினத் தமாஷ் இல்லை. காப்புரிமை கிடையாது என்று உறுதியாகச் சொன்னது. பல நோயாளிகளுக்கு நோவார்ட்டிஸ் இலவசமாகவே மருந்து கொடுத்து வந்தது என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். ஆனால் ஒருவரின் தயவில் கிடைப்பதும், கடையில் போய்க் கேட்டு வாங்குவதும் ஒன்றில்லையே.

அன்றைய விலையில் வைத்து யோசித்துப் பாருங்கள். சேந்தமங்கலத்தில் அரை ஏக்கர் மரவள்ளி போட்டிருக்கும் ஒருவருக்கு ஆறு மாதம் மாத்திரை என்றால் 7 லட்சத்துக்கு மேல். கத்தி என்றால் சேலம் அரசு ஆஸ்பத்திரியில் காசில்லை. வெட்டுவது மலிவு. வெட்டாமல் வைத்துக் காப்பதுதான் செலவு. ஏழைக்கு உயிரை மட்டும் கொடுப்போம், மற்றதெல்லாம் வசதிப்பட்டவருக்கு என்று யாரும் வாயால் சொல்வதில்லை. விலைச் சீட்டு சொல்லிவிடுகிறது.

மாத்திரை விலை இறங்கிவிட்டதால் இந்த அநியாயம் தீர்ந்துவிட்டதா என்றால், இல்லை. பிரேசிலில் சாவோ பாவ்லோ நகரத்து சர்ஜன் ஆஞ்சலிட்டா ஹாபர் காமா, சாதாரண மலக்குடல் புற்றுநோயில் கதிர்வீச்சும் மருந்தும் கொடுத்த பிறகு கட்டி முழுசாக மறைந்துவிட்டால் வெட்டாமல் காத்திருக்கலாமே என்றார். முதலில் பலர் முறைத்தார்கள். இப்போது உலகமெங்கும் அது ஒரு வழிமுறை. 2022-ல் நியூயார்க்கில் டாஸ்டார்லிமாப் என்ற மருந்து, ஒரு குறிப்பிட்ட மரபணுக் கோளாறு உள்ள, கொஞ்சம் பேருக்கே வரும் ரகத்தில், முதலில் சிகிச்சை முடித்த 12 பேருக்கும் கத்தியும் கதிர்வீச்சும் இல்லாமலே கட்டியை மறைய வைத்தது. அதன் விலையை இங்கே எழுதி உங்கள் ஞாயிற்றுக்கிழமையைக் கெடுக்க விரும்பவில்லை. விலையை விடுங்கள். காத்திருப்பது என்றால் சும்மா இருப்பதல்ல. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை விரல் சோதனை, குழாய் சோதனை, ஸ்கேன். அடையாறு சேலத்திலிருந்து 340 கிலோமீட்டர். ஒவ்வொரு தடவையும் இரண்டு நாள் கூலி, கூட வருகிறவரின் இரண்டு நாள் கூலி. மூன்றாவது தடவையில், ‘நல்லாத்தானுங்க இருக்கேன்’ என்று நின்றுவிடுவார்கள். இதை அறிந்த ஒரு டாக்டர், ‘இவரால் வந்து போக முடியாது, வெட்டிவிடுவதே உத்தமம்’ என்று முடிவெடுத்தால் அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் அவரைக் கேட்டிருக்கலாம் என்று மட்டும் சொல்வேன்.

1974-ல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்தில் நார்மன் நிக்ரோ என்ற சர்ஜன், ஆசனவாயிலேயே வரும் இன்னொரு ரகப் புற்றுநோய்க்கு, ஆபரேஷனைச் சுலபமாக்கலாம் என்று முன்கூட்டியே கதிர்வீச்சும் மருந்தும் சேர்த்துக் கொடுத்தார். மூன்றே பேர். இரண்டு பேருக்குத் திட்டப்படி எல்லாவற்றையும் வெட்டி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், புற்றுநோயின் ஒரு செல்கூட இல்லை! மூன்றாவது ஆசாமி, ஆபரேஷனே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவரும் நோயில்லாமல் நன்றாக இருந்தார். இன்று அந்த நோய்க்கு முதல் சிகிச்சை கத்தி இல்லை. அந்த ஆள் தீர்க்கதரிசி ஒன்றும் இல்லை. அவர் பிடிவாதம் அதிர்ஷ்டவசமாகப் பலித்தது. வேறொரு நோயில் அதே பிடிவாதம் ஆளைக் கொன்றிருக்கும். (இதைப் படித்துவிட்டு யாரும் டிஸ்சார்ஜ் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள்.) நான் கவனிப்பது வேறு. அவர் வேண்டாம் என்றபோது டாக்டர் கோபித்துக்கொண்டு விரட்டவில்லை. கூடவே இருந்து பார்த்தார். பார்த்ததை எழுதினார்.

இதுவரை படித்ததில், சுருக்குப் பையைக் காப்பாற்றுவதே நல்லது, பை வைப்பது தோல்வி என்று ஒரு எண்ணம் உங்களுக்கு வந்திருக்கலாம். சர்ஜன்களிலும் சிலருக்கு அது ஒரு கௌரவப் பிரச்னை. எவ்வளவு கீழே இருந்தாலும் ஒட்டிக் கொடுத்துவிட்டேன் பார் என்பார்கள். அந்தக் காலத்தில் கட்டிக்குக் கீழே 5 சென்டிமீட்டர் நல்ல குடல் வேண்டும் என்பது விதி. அது 2 ஆகி, இப்போது சில இடங்களில் 1 போதும் என்கிறார்கள். நல்ல முன்னேற்றம்தான். ஆனால் உறுப்பு இருப்பது வேறு, அது வேலை செய்வது வேறு. மலக்குடல் என்ற சேமிப்பு அறை போய், மேலே இருந்த குடலை இறக்கி நேரடியாகச் சுருக்குப் பையில் தைத்தால், சிலருக்கு ஒரு நாளைக்கு 10, 15 தடவை மோஷன். போய்விட்டு வந்து உட்கார்ந்தால் திரும்பவும். வந்தால் ஒரு நிமிஷம்கூடத் தாங்காது. இதற்கென்றே டென்மார்க் டாக்டர்கள் 2012-ல் ஐந்து கேள்விகளை வைத்து மதிப்பெண் முறையே உண்டாக்கினார்கள்.

நாமக்கல் லாரி டிரைவர் ஒருவரை வைத்துப் பாருங்கள். லோடு ஏற்றி மகாராஷ்டிரா தாண்டி குஜராத் போக வேண்டும். கூட ஒரு க்ளீனர் பையன். இவருக்கு ஆபரேஷன் அருமையாக நடந்தது, எல்லாம் காப்பாற்றியாச்சு என்று டிஸ்சார்ஜ் சம்மரி சொல்கிறது. இவரால் தொப்பூர் கணவாயைத் தாண்ட முடியவில்லை. இதே ஆளுக்கு வயிற்றில் பை வைத்திருந்தால்? இடது பக்கப் பெருங்குடல் வழி என்றால், காலையில் முக்கால் மணி நேரம் ஒதுக்கித் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொள்ளும் முறை ஒன்று இருக்கிறது. பழகியவர்களுக்கு அன்று முழுக்கத் தொந்தரவில்லை. வண்டி ஓட்டலாம். ‘எதை வேணும்னாலும் வெச்சுப் போடுங்க டாக்டரு, நான் வண்டி ஓட்டோணும்’ என்று அவர் சொல்லக்கூடும். பக்கத்துப் படுக்கையில் இருக்கும் பாத்திரக் கடைக்காரர், ‘வீட்டுக்குள்ளயே கிடந்தாலும் பரவால்லீங்க, வயித்துல பை மட்டும் வேண்டாம்’ என்று சொல்லக்கூடும். இரண்டு பேரும் சரி. மூன்றாவது படுக்கையில் இருக்கும் பெண்ணுக்கு, புருஷன் இனி பக்கத்தில் வருவானா என்பது கேள்வியாக இருக்கலாம். அந்த இடத்து நரம்புகளில் கத்தி பட்டாலும், கதிர்வீச்சு பட்டாலும் தாம்பத்தியமும் பாதிக்கும். இதை அவளாகக் கேட்க மாட்டாள். டாக்டராகச் சொன்னால்தான் உண்டு.

ஆனால் நம் ஊரில் பேச்சு வார்த்தை படுக்கைக்குப் பக்கத்தில் நடப்பதில்லை. வராந்தாவில் நடக்கிறது. மாமன், மச்சான், பெரியப்பா மகன், கொஞ்சம் படித்த மருமகன். ‘மாமாவுக்குச் சொல்லீராதீங்க சார், மனசு உட்டுருவாரு. நீங்க எது நல்லதோ செய்ங்க.’ கையெழுத்தும் அங்கேயே. அவர்களைக் கேலி செய்ய மாட்டேன். நகையை அடகு வைத்தது அந்த மச்சான்தான். ராத்திரி பாய் விரித்து வராந்தாவில் படுக்கப் போவது அந்த மருமகன்தான். பாசம் இல்லாமல் இல்லை. ஆனால் பாசம் உள்ளவர்கள் கேட்கும் கேள்வி ‘பிழைப்பாரா?’ என்பது ஒன்றே. நோயாளிக்கு இருக்கும் கேள்விகள் சின்னச் சின்னவை. காட்டில் களை எடுக்கக் குத்தவைத்து உட்கார முடியுமா? டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு போக முடியுமா? கோயில் கருவறை முன்னால் நிற்கலாமா? பேத்தி மடியில் ஏறினால் வாடை அடிக்குமா? பெரிய கேள்விக்கு முன்னால் இவை அற்பமாகத் தெரிவதால் வெளியே வருவதில்லை. பிழைத்த பிறகு வாழப் போகிற இருபது வருஷமும் இந்த அற்பங்களால் ஆனது.

மயக்க மருந்து கொடுத்து எழுந்தபின், வயிற்றைத் தடவிப் பார்த்துத்தான் பை இருப்பதைத் தெரிந்துகொண்டார் என்று ஒருவரைப் பற்றிக் கேட்க நேர்ந்தால், ஆபரேஷன் எத்தனை வெற்றி என்றாலும், அங்கே ஒரு தப்பு நடந்திருக்கிறது என்றே எனக்குத் தோன்றும். உயிரைக் காப்பாற்றியதால் அந்தத் தப்பு நேராகிவிடாது.

பை வைக்க வேண்டி வரலாம் என்றால், ஆபரேஷனுக்கு முந்தின நாள் வயிற்றில் பேனாவால் ஒரு புள்ளி வைக்க வேண்டும் என்பது உலகம் முழுக்க உள்ள நடைமுறை. படுக்க வைத்து மட்டும் வைக்கக் கூடாது. நிற்கச் சொல்ல வேண்டும். உட்காரச் சொல்ல வேண்டும். குனியச் சொல்லி மடிப்பு எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும். மடிப்பில் விழுந்தால் பை ஒட்டாது. சேலத்து ஏப்ரல் வியர்வைக்கு எப்படியும் பாதி ஒட்டாது. வேட்டியை அவர் வழக்கமாக எங்கே கட்டுவார், கட்டிக் காட்டச் சொல்ல வேண்டும். பெண் என்றால் பாவாடை நாடா எங்கே இறுகும். தறிக்காரர் என்றால் குழித்தறியில் குனியும்போது வயிறு எந்தக் கட்டையில் படும். டிரைவர் என்றால், ‘ஸ்டியரிங் எங்கீங்க இடிக்கும்?’ ஐந்து நிமிஷம் ஆகும். பேனா பத்து ரூபாய்.